நாற்பதாயிரம் ரூபாய் புண்ணியம்

எங்கள் சந்தாபுரா அபார்ட்மெண்டில் ராத்திரி காவலுக்கு இருந்தவர் தர்மபுரிக்காரர். வேலைக்கு வருகிற வழியில் ஓசூர் ரோட்டில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டுக்கு வீடு வசூல் செய்து நாற்பதாயிரம் சேர்த்து அவர் மனைவியிடம் கொடுத்தோம். அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டார். எங்களுக்கும் மனசு நிறைந்த மாதிரி இருந்தது.

அந்த நிறைவை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அவரை அனுப்பிய ஏஜென்சியில் நூறு பேருக்கு மேல் வேலை பார்க்கிறார்கள். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டும் கட்டாயம். கட்டியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்தையும் 2010 திருத்தத்துக்குப் பிறகு வேலை விபத்தாகவே ஈ.எஸ்.ஐ. எடுத்துக்கொள்கிறது. சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் மாதாமாதம் குடும்பத்துக்கு வந்திருக்கும். ஒரே ஒரு மாதம் பி.எஃப். பென்ஷனுக்குப் பணம் கட்டியிருந்தாலும் விதவைப் பென்ஷன் உண்டு. (2014-ல் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். அந்த அநியாயத்துக்குத் தனிப் பதிவு போட வேண்டும்!) இதற்கு மேல் பி.எஃப்.போடு சேர்ந்த இன்ஷூரன்ஸ். 2021-ல் அதன் உச்சவரம்பை 7 லட்சமாக்கினார்கள். அதற்குத் தொழிலாளி சல்லிக்காசு கட்ட வேண்டியதில்லை, முழுக்க முதலாளி பணம்.

ஏஜென்சிக்காரரிடம் கேட்டேன். "பிடிச்சா கைக்குக் கம்மியா வரும்னு அவரேதான் வேண்டாம்னார் சார்" என்றார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் உரிமையில்லை, அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க இவருக்கும் உரிமையில்லை.

சரி, அவரை மட்டும் திட்டிவிட்டுப் போய்விடலாமா? எங்கள் சங்கக் கூட்டத்தில் மூன்று கொட்டேஷன் வந்தது. ஒன்றில் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் சேர்த்துப் போட்டிருந்தார்கள். விலை அதிகம் என்று ஒதுக்கினோம். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். சம்பளத்தில் கம்பெனி எவ்வளவு பி.எஃப். போடுகிறது என்று பைசா சுத்தமாகப் பார்க்கிற அதே நான்தான்.

இங்கிருந்து ஓசூர் பக்கம் கொஞ்ச தூரம் போனால் அத்திப்பள்ளி. 2023 அக்டோபர் 7-ம் தேதி அங்கே பட்டாசுக் கடை எரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பதினான்கு பேருக்கு மேல் செத்தார்கள், எல்லாம் நம்ம ஊர்ப் பிள்ளைகள். தர்மபுரி மாவட்டம் அம்மாபேட்டையிலிருந்து மட்டும் பலர். தீபாவளிச் செலவுக்கு நாலு காசு பார்க்கலாம் என்று வந்த காலேஜ் பையன்களும் இருந்தார்கள். தமிழ்நாடு 3 லட்சம், கர்நாடகா 5 லட்சம் அறிவித்தன. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அது நிவாரணம், அரசு இரங்கிக் கொடுப்பது. கூட்டமாகச் செத்தால் மந்திரி வருவார், டிவி வரும், காசோலை வரும். தனியாக ஒருத்தர் லாரியில் அடிபட்டால் யார் வருவார்?

வேலையால் செத்தவன் குடும்பத்துக்கு இழப்பீடு முதலாளியின் கடன். வெள்ளைக்காரன் காலத்து 1923 சட்டத்திலேயே அது உண்டு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் உண்டு. கடனைத் தானமாக்கி, வாங்குகிறவரைக் கும்பிட வைத்துவிட்டோம்.

பெங்களூர்த் தமிழ் மக்களே, உங்கள் அபார்ட்மெண்டிலும் ஒரு வாட்ச்மேன் அண்ணன், பெருக்குகிற அக்கா இருப்பார்கள். மாதாமாதம் ஏஜென்சி பில்லோடு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்டிய ரசீதையும் கேளுங்கள். அவர்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பில்லை நிறுத்துங்கள். மெயிண்டனன்ஸ் கொஞ்சம் ஏறும், ஏறட்டும்.

அடுத்த கூட்டத்தில் நான் இதைத்தான் பேசப் போகிறேன். அந்தம்மாவை ஏஜென்சி மேல் இழப்பீட்டுக்கு மனுப் போடச் சொல்லியிருக்கிறேன், கூடவே நானும் போகிறேன். அவர் என்னைக் கும்பிட வேண்டியதில்லை.