நாளை வைத்தியர் இல்லையெனில் இன்றே சொல்லுங்கள்!

வன்னிப் பெருநிலத்தில் விடிவதற்கு முன்னரே எழுந்து, ஒழுங்கை கடந்து, பெருந்தெருவில் முதல் பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கும் மூதாட்டியை நீங்கள் கண்டிருப்பீர்கள். கையில் ஒரு பொலித்தீன் பை. பையினுள் மழைக்கு நனையாதபடி இன்னொரு பையிற் சுற்றிய கிளினிக் கொப்பி. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதம் ஒருமுறை மருந்தெடுப்பவள் அவள். இரத்தம் சோதிக்க வேண்டும் என்பதால் தேநீரும் அருந்தாது வெறும் வயிற்றோடு வந்திருக்கின்றாள். பஸ் வருகிறது. வைத்தியசாலை வருகிறது. இலக்கத் துண்டும் கிடைக்கிறது. மணி பத்தாகிறது. அப்பொழுதுதான் ஊழியர் ஒருவர் வெளியே வந்து, "இண்டைக்கு டொக்டர் வரேல்லை, வாற கிழமை வாங்கோ அம்மா" என்கின்றார்.

"அப்ப எனக்குக் குளிசை?" என்று அவள் கேட்கின்றாள். அதற்குப் பதில் இல்லை.

நாம் நேரில் கண்ட காட்சி இது. அந்த வைத்தியசாலையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பழி அந்த ஒன்றின்மீது மட்டும் விழும், ஏனையவை தப்பிக்கொள்ளும். வன்னியில் வாழும் வாசகர் எவரும், "இது எங்களூர் ஆஸ்பத்திரி அல்லவா?" என்று தம்முள்ளே கேட்டுக்கொள்வர் என்பது எமது துணிபு.

வைத்தியர் விடுமுறையில் நின்றது குற்றமன்று. அவரும் மனிதரே, அவருக்கும் நோயுண்டு, குடும்பமுண்டு, கூட்டமுண்டு. ஒரே வைத்தியரைக் கொண்டு இயங்கும் சிற்றூர் வைத்தியசாலையில் அவர் ஒரு நாள் இல்லாதொழிந்தால் அன்று வைத்தியமே இல்லாதொழியும் என்பதும் நாம் அறியாததன்று. ஆனால் அவர் வரமாட்டார் என்பது முதல்நாள் மாலையே தெரிந்த செய்தி. தாதி அறிவார். மருந்து கொடுப்பவர் அறிவார். வாயிற்காவலர் அறிவார். வாயிலில் கச்சான் விற்பவர்கூட அறிவார். அறியாதவர் நோயாளி ஒருவரே! எவருக்காக அந்தக் கட்டிடம் எழுப்பப்பட்டதோ, அவருக்கு மட்டும் அந்தச் செய்தி எட்டவில்லை.

இலங்கையின் இலவச வைத்தியம் உலகம் புகழும் ஒன்று. அந்தப் புகழ் வெறும் புகழன்று. 1934, 1935ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளை நோயில் ஏறத்தாழ 80,000 பேர் மடிந்த பின்னர், கிராமத்து மக்களின் உயிருக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்ற எண்ணம் இந்நாட்டில் வேரூன்றியது. வரிசையில் நிற்கும் ஏழையிடம் காசு கேட்காத வைத்தியசாலைகள் இன்றும் நிற்கின்றன. செல்வம் கொழிக்கும் நாடுகள் பலவற்றில் இல்லாத பேறு இது. ஆயினும் மூதாட்டி அன்று இழந்தது யாது என்று கணக்கிட்டுப் பாருங்கள். போக்குவரத்துப் பஸ் கட்டணம். துணைக்கு வந்த மகளின் ஒரு நாட் கூலி. அந்த மகளின் பிள்ளை பாடசாலைக்குப் போகாமல் நின்ற நாள். இவற்றையெல்லாம் செலுத்திவிட்டு வெறுங்கையோடு திரும்புபவளிடம், "உனக்கு வைத்தியம் இலவசம்" என்று கூறுவது எத்தகைய நியாயம்?

மருந்து தவறுவதால் விளைவதென்ன என்பதையும் சொல்லிவிடுவோம். இரத்த அழுத்தத்துக்கான குளிசை திடீரென நின்றால் அழுத்தம் மீண்டும் ஏறும். பாரிசவாதத்தில் ஒரு கையும் காலும் விழுந்துபோவதற்கு அந்த ஏற்றம் ஒரு முக்கிய காரணம். இன்சுலின் நாள்தோறும் வேண்டியவருக்கு அது சில நாள் தவறினாலும் உயிருக்கே ஆபத்து. "வாற கிழமை வாங்கோ" என்பது சொல்பவருக்கு மூன்று சொல். கேட்பவருக்கோ மருந்தில்லாத ஏழு நாள்.

கொழும்பிலிருந்து ஏ-9 வீதியிலே விரைந்து வந்து, கிளிநொச்சியில் தேநீர் அருந்தி, யாழ்ப்பாணம் சென்று திரும்பியவர்கள், "வன்னியைப் பார்த்தோம், வீதி நன்றாக இருக்கிறது" என்கின்றனர். வீதியைப் பார்த்தீர்கள், ஐயா, வன்னியைப் பார்க்கவில்லை. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரை ஏறக்குறைய 50 கிலோமீற்றர். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவும் அவ்வளவு தூரமே. அந்தப் பெருவீதிகளில் வைத்தியசாலைகள் உண்டு. ஆனால் மக்கள் குடியிருப்பது பெருவீதியில் அன்று. குளத்தை அண்டியும் வயலை அண்டியும், காட்டின் ஓரத்திலும் கடலின் ஓரத்திலும் அவர்கள் இருக்கின்றனர். அங்கிருந்து பெருவீதிக்கு வருவதே ஒரு பயணம். நகரத்தவருக்கு ஒரு நாள் வீண் என்பது சலிப்பு. மீண்டும் மறுநாள் போவார். வன்னி உழவனுக்கு, அறுவடைக் காலத்தில், மறுநாள் என்று ஒன்று இல்லை.

இன்னொரு கூட்டத்தாரையும் நாம் மறத்தலாகாது. 2009ஆம் ஆண்டு பெப்ரவரித் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலைமீது எறிகணைகள் விழுந்தன. நோயாளரும் வைத்தியரும் புதுமாத்தளனுக்குப் பெயர்ந்து பாடசாலைக் கட்டிடத்தையே வைத்தியசாலையாக்கினர். பின்னர் முள்ளிவாய்க்காலுக்குப் பெயர்ந்தனர். வைத்தியசாலைகள் தாக்கப்பட்டதை ஐக்கிய நாடுகள் சபைச் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்திருக்கின்றது. அந்த நாட்களில் காயமுற்றோர் பலர் இன்றும் வன்னியில் வாழ்கின்றனர். உடலினுள் உலோகத் துண்டைச் சுமந்தபடி ஏர் பிடிப்பவர் உண்டு. செயற்கைக் கால் பூட்டிப் பஸ் படி ஏறுபவர் உண்டு. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு, முச்சக்கர வண்டியைக் கூலிக்கு அமர்த்தாமல் வீட்டை விட்டு வெளியேற இயலாதவர் உண்டு. இவர்களை வரவழைத்து, "டொக்டர் இல்லை" என்று திருப்பி அனுப்புவதைக் கவனக்குறைவு என்று மட்டும் கூறி நாம் அடங்கிவிட முடியாது.

அந்தக் கூடாரங்களிலே, மருந்தும் நூலும் இன்றி, பதுங்குகுழிக்கும் சத்திரசிகிச்சை மேசைக்கும் இடையே ஓடி உயிர்காத்த வைத்தியர்களையும் தாதியரையும் ஊழியர்களையும் இந்த மண் மறக்காது. ஆகவே இக்கட்டுரையை வைத்தியர் குலத்தின்மேல் தொடுத்த கணையென்று எவரும் கொள்ளற்க.

பின், பொறுப்பு யாருடையது? இங்கேதான் சிக்கல் இருக்கின்றது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி கிராமிய வைத்தியசாலைகளை நடத்துவது மாகாணம். ஆனால் வைத்தியர்களுக்கு நியமனமும் இடமாற்றமும் வழங்குவது கொழும்பிலுள்ள அமைச்சு. கட்டிடம் ஒருவருடையது; அதனுள் அமர்பவர் இன்னொருவருடையவர். மக்களின் வாக்கைப் பெற்று 2013 செப்ரெம்பரில் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிவடைந்தது. அதன்பின் ஆட்சி ஆளுநரின் கைக்குச் சென்றது. வைத்தியசாலையில் மருந்தில்லை என்று எழுந்து நின்று கேட்க ஓர் உறுப்பினர் இல்லை. கேட்டால் பதில் கூறக் கடமைப்பட்ட ஒரு மாகாண அமைச்சர் இல்லை. இந்த நிலையைக் கண்டியாமல் விடுவோமாயின் நாம் எமது கடமையிலிருந்து தவறியவராவோம்.

ஆயினும் எல்லாவற்றுக்கும் கொழும்பைக் காட்டித் தப்பிக்கொள்ள எம்மவரை நாம் அனுமதிக்கப் போவதில்லை. ஒரு கரும்பலகையும் ஒரு வெண்கட்டியும் வாங்க மந்திரிசபையின் அங்கீகாரம் வேண்டுமோ? நாளைக்கு வைத்தியர் இல்லை என்று கிராம உத்தியோகத்தருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுக்க அரசியலமைப்பைத் திருத்த வேண்டுமோ? வன்னியின் வைத்தியசாலைகளில் மேசைக்கு அப்பாலிருப்பவர்களுட் பெரும்பாலோர் எம்மவரே. எமது மொழி பேசுபவரே. தமிழன் தமிழனுக்கு ஒரு தகவல் சொல்ல எந்தச் சட்டம் தடுக்கிறது?

இயலாத காரியத்தையா கேட்கின்றோம் என்று சிலர் வினவலாம். இயலும் என்பதற்குச் சான்று ஒவ்வொரு கிராமத்திலும் நடமாடிக்கொண்டிருக்கின்றது. குடும்பநல உத்தியோகத்தரைப் பாருங்கள். எம் தாய்மார் "மிட்வைவ் அம்மா" என்று அழைக்கும் அந்தப் பெண்மணியைத்தான் சொல்கிறோம். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கிய காலந்தொட்டு வளர்ந்துவந்த ஒழுங்கு அவருடையது. எந்த வீட்டில் கர்ப்பவதி இருக்கின்றாள், எந்தக் குழந்தைக்கு எந்த நாளில் ஊசி என்பது அவருடைய பதிவேட்டில் இருக்கும். கிளினிக் நாள் மாறினால் அவரே படலையில் நின்று சொல்லிவிட்டுப் போவார். தாய் வராவிட்டால் தேடி வருவார். வன்னி நெடுங்காலம் மலேரியா பூமியாகக் கிடந்தது. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்ததே, அந்த வெற்றிக்கும் காய்ச்சற்காரனைத் தேடி வீட்டுக்குச் சென்ற ஊழியர்களின் கால்நடை ஒரு காரணம். தாய்க்கும் சேய்க்கும் நடக்கின்ற காரியம் தாயின் தாய்க்கு நடவாதது ஏன்? அறுபது வயதைக் கடந்ததும் ஒருவர் பதிவேட்டிலிருந்து மறைந்துவிடுகின்றாரா?

இன்னுமொன்று. 2020ஆம் ஆண்டு கொரோனாவுக்கான ஊரடங்கு வேளையில், கிளினிக் நோயாளரின் மருந்துகளைத் தபால் திணைக்களத்தின் துணையோடு வீடுகளுக்கே அனுப்பும் ஏற்பாட்டை இந்த அரசு இயந்திரமே செய்தது. அன்று தொலைபேசி இலக்கங்கள் அறிவிக்கப்பட்டன. நோயாளர் பெயர்கள் தேடி எடுக்கப்பட்டன. ஊரடங்கு நீங்கியது, மீண்டும் நோயாளிதான் நடக்க வேண்டும் என்றாயிற்று. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வாசலுக்கு வரும் அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையில் வட மாகாணத்துக்கும் வந்தது. பாம்பு தீண்டிய உழவனுக்கு அது தெய்வம் போன்றது. நோயாளியின் குரல் தொலைபேசி வழியே வைத்தியத்தை எட்டுகிறது. வைத்தியசாலையின் குரல் மட்டும் நோயாளியை எட்டக் காணோம்.

மருந்துத் தட்டுப்பாட்டைச் சுருக்கமாகவே கூறுவோம். அதன் வரலாறு நாடறிந்தது. 2022இல் டொலர் இன்றி நாடு தள்ளாடியபோது வைத்தியசாலை அலுமாரிகள் வெறுமையாயின. அதனை அடுத்து மருந்துக் கொள்வனவு மோசடி வழக்கில் முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவரே 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். மேலே நடப்பவற்றைக் கிராமிய வைத்தியசாலையின் மருந்தாளர் திருத்த முடியாது. ஆனால் இன்ன குளிசை இந்த வாரம் இல்லை என்று வாயிலில் எழுதிவைக்க அவரால் முடியும். எழுதிவைத்தால், வரிசையில் மூன்று மணி நேரம் நின்றபின் "வெளியில் வாங்குங்கோ" என்ற துண்டைப் பெற்று ஏங்கும் நிலை இராது. "எழுதினால் மேலிடம் கோபிக்கும்" என்று எம்மிடம் ஒருவர் காதோடு காதாகச் சொன்னார். மேலிடத்தின் கோபத்துக்கு அஞ்சி நோயாளியை வெயிலில் நிறுத்துவது எந்த வைத்திய நூலிற் கண்ட முறை?

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். ஆங்கிலத்திற் கற்றவர் உத்தியோகம் நாடி வெளியூர் போவர், தமிழிற் கற்றவர் தம் கிராமத்தில் நின்று தொண்டாற்றுவர் என்பது அவர் கணிப்பு. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், எமது மூதாட்டியின் மருந்துப் பையில் கிறுக்கப்பட்டிருப்பதை அவளால் மட்டுமன்று, பத்தாம் வகுப்புப் படிக்கும் அவள் பேரனாலும் வாசிக்க முடியவில்லை. காலையில் ஒன்றா, இரவில் ஒன்றா, சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? இவ்வளவையேனும் தமிழில் எழுதுங்கள். வவுனியா தெற்கின் சிங்களக் கிராமத்தவருக்குச் சிங்களத்தில் எழுதுங்கள். நோய்க்கு மொழி இல்லை. மருந்துண்ணும் முறைக்கு உண்டு.

நாம் கேட்பது மாடிக் கட்டிடமன்று, புதிய இயந்திரமுமன்று. முதல்நாள் மாலை ஐந்து மணிக்குள், மறுநாள் வைத்தியர் உண்டா, எந்த மருந்து இல்லை, தவறிய கிளினிக் எந்த நாளுக்கு மாற்றப்பட்டது என்ற மூன்று செய்திகளும் வைத்தியசாலைப் பலகையிலும் கிராம உத்தியோகத்தர் கந்தோரிலும் இருத்தல் வேண்டும். தொலைபேசி உள்ளவருக்குக் குறுஞ்செய்தியாகச் செல்லட்டும். இல்லாதவருக்குக் கோயில் ஒலிபெருக்கி இருக்கின்றது. திருவிழாவுக்கும் மரண அறிவித்தலுக்கும் பயன்படும் ஒலிபெருக்கி, மரணம் வராமற் காக்கவும் ஒரு நிமிடம் பேசட்டுமே! அறிவித்தல் எட்டாமல் வந்துவிட்டவருக்கு, வைத்தியர் முன்கூட்டியே ஒப்பமிட்ட ஒழுங்கின்படி, ஒரு வார மருந்தாவது கொடுத்து அனுப்புங்கள்.

பல ஊர்களில் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்கள் உண்டு. மதில் கட்டவும், மின்விசிறி வாங்கவும், வெளிநாட்டு உறவுகளிடம் நன்கொடை திரட்டவும் அவை கூடுகின்றன, நல்லதே. ஆனால் அங்கே நோயாளியின் சார்பிற் பேசுபவர் எவர்? தமது சுகாதாரத்தைத் திட்டமிடுவதிற் பங்குகொள்வது மக்களின் உரிமையும் கடமையுமாகும் என்று 1978இல் அல்மா-ஆட்டா மாநாடு பிரகடனம் செய்தது. இங்கிலாந்தில் 2015 முதல் ஒவ்வொரு குடும்ப வைத்திய நிலையமும் நோயாளரைக் கொண்ட குழுவொன்றை வைத்திருப்பது ஒப்பந்தக் கடமையாக்கப்பட்டது. எமது குழுக்களிலும் கிளினிக் கொப்பி வைத்திருக்கும் இருவரைச் சேர்த்துக்கொள்வதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கேட்டும் பலனில்லையாயின் மக்களின் கையில் ஒரு கருவி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தப் பிரசையும் தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம்; 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா மறுப்பதா என்ற முடிவைத் தெரிவிக்க உத்தியோகத்தர் கடமைப்பட்டவர். ஒவ்வொரு கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் தத்தம் வைத்தியசாலைக்கு இரண்டே கேள்விகளை அனுப்பட்டும். கடந்த ஓராண்டில் வைத்தியர் இன்றிக் கழிந்த கிளினிக் நாட்கள் எத்தனை? அவற்றுள், முதல்நாளே மக்களுக்கு அறிவிக்கப்பட்டவை எத்தனை?

இரண்டாவது கேள்விக்கு வரும் விடையை இப்பத்திரிகைக்கும் எழுதி அனுப்புங்கள். வைத்தியசாலை வாரியாக வெளியிடுவோம்.