வடாபாவ் யாருடையது?

1966-ஆம் ஆண்டு மும்பை தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே அசோக் வைத்யா என்பவரே முதன்முதலில் வடாபாவ் விற்றார் என்பது பலருடைய கூற்று. அதே காலத்தில் சுதாகர் மாத்ரே என்பவரும் விற்றதாக வேறு சிலர் சொல்லுகிறார்கள்.

வழக்கு இருக்கட்டும், அந்த வடாபாவைச் சற்றே பிட்டுப் பாருங்கள். உருளைக்கிழங்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. 'பாவ்' என்பதோ போர்ச்சுக்கீசியர் ரொட்டிக்கு வழங்கிய சொல்லிலிருந்து பிறந்தது. பிழைப்புத் தேடி வந்து, அவசரமாய் உண்டு வேலைக்கு ஓடிய ஆலைத் தொழிலாளர்கள் அதை நகரின் உணவாக்கினார்கள்.

ஆகவே, 'வெளியூர்க்காரர்' என்று யாரேனும் ஏளனம் செய்து, உங்கள் பிள்ளை கலங்கி வீடு திரும்பினால், ஒரு வடாபாவ் வாங்கிக் கொடுத்து, இந்தக் கதையையும் சொல்லுங்கள். இந்நகரத்தின் சொந்த உணவே, வந்து சேர்ந்தவற்றால் ஆனதல்லவா?