மருந்துச் சீட்டு யாருடையது?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் செல்வோர் கோட்டக்குப்பத்தைக் கடந்த சிறிது நேரத்திற்கெல்லாம் பொம்மையார்பாளையத்தை அடைவர். வலப்புறம் கடல், இடப்புறம் செம்மண் மேடு. இன்னும் வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். ஊர் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். ஆயினும் இவ்வூரில் ஒருவர் நோய்வாய்ப்பட்டால் விழுப்புரத்தை நோக்கி வண்டி கட்டுவது அபூர்வம். தெற்கே புதுச்சேரி நகரம். அதன் ஓரத்தில் கோரிமேட்டில் ஜிப்மர். வடக்கே காலாப்பட்டில் ஒரு மருத்துவக் கல்லூரி. அவை எல்லாம் புதுச்சேரிப் பிரதேசத்தவை. அந்நாளில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் தங்களுக்குள் கிழித்துக்கொண்ட கோடு அது. ஆங்கிலேயர் கொடி 1947-ல் இறங்கிற்று. பிரெஞ்சுக் கொடி 1954-ல் இறங்கிற்று. கோடு மாத்திரம் இன்னும் இறங்கவில்லை. காய்ச்சலுக்கு அக்கோடு தெரியாது. காகிதங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மீனவர் வீடுகளில் சுவரில் ஓர் ஆணி உண்டு; ஆணியில் ஒரு பை உண்டு. மஞ்சள் பையாயிருக்கலாம், ஜவுளிக்கடைப் பையாயிருக்கலாம். உள்ளே இருப்பவை பத்து வருஷத்துச் சீட்டுகள்: துணைச் சுகாதார நிலையத்தில் செவிலியர் எழுதிய சீட்டு, ஜிப்மர் எண் பொறித்த அட்டை, தனியார் பரிசோதனை நிலையத்து ரத்த அறிக்கை, நெஞ்சுப்படம், மை மங்கிப்போன ரசீது. நள்ளிரவில் வீட்டுப் பெரியவருக்கு மூச்சு முட்டினால் முதலில் எடுக்கப்படுவது அந்தப் பைதான். பையைத் திறக்கும் டாக்டர் கேட்கும் முதற் கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்பது. "காலையிலே வெள்ளை ஒண்ணு, ராத்திரி மஞ்சளிலே பாதி" என்பது பதில். உலகத்தில் வெள்ளை மாத்திரைகள் எத்தனை ஆயிரம் என்று டாக்டருக்குத் தெரியும்; ஆகவே அவர் எல்லாப் பரிசோதனைகளையும் முதலிலிருந்து எழுதிக் கொடுக்கிறார். ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாத குடும்பத்திற்கு இதனால் வரும் செலவு இன்னது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

இப்பொழுது அந்தப் பையைக் கைப்பேசிக்குள் போட்டுவிடலாம் என்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் பையின் முடிச்சு யார் கையில் இருக்கும் என்பதே நம் கவலை.

இக்கரைக்கு இதில் ஒரு பூர்வ கதை உண்டு. 1998-ம் வருஷத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரிச் சுற்றுப்புறக் கிராமங்களில் அறிவு மையங்களை நிறுவினர். வீராம்பட்டினத்து மீனவர்க்கு அம்மையம் செய்த சேவையை நினைத்தால் இன்றும் வியப்பாயிருக்கிறது. அமெரிக்கக் கடற்படையார் தங்கள் கப்பல்களுக்காக வெளியிட்ட அலை உயரக் கணக்கை இணையத்திலிருந்து எடுத்துத் தமிழாக்கிக் கடற்கரை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். வலைக்காரர் அதைக் கேட்டு, போவதா நிற்பதா என்று தாமே தீர்மானித்தார்கள். 2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை வந்த காலையில், நல்லவாடு என்னும் கிராமத்து இளைஞர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து டெலிபோனில் எச்சரித்தார். ஊரார் அறிவு மையத்தின் கதவை உடைத்து, அதே ஒலிபெருக்கியில் "ஓடுங்கள்" என்று கூவினர். சுமார் 3,600 பேர் வாழ்ந்த அவ்வூர் உயிர் தப்பிற்று. யந்திரம் புதிது, ஆனால் அதன் சேதி ஊராரின் பாஷையில், ஊரார் காதில், ஊரார் முடிவு செய்வதற்காக வந்து சேர்ந்தது. வைத்தியத் துறையில் புதிதாய் வரும் ஒவ்வொன்றையும் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம் என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் கர்ப்பிணிகள் விஷயம். தமிழ்நாட்டில் கருவுற்ற ஒவ்வொரு பெண்ணையும் 'பிக்மி' என்ற கணினிப் பதிவேட்டில் சேர்த்து ஓர் எண் தருகிறார்கள். 2017 முதல் அவ்வெண்ணின்றிக் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் பெறுவது கடினம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரால் வழங்கும் 18,000 ரூபாய் மகப்பேறு உதவிக்கும் அதுவே திறவுகோல். எழுதப் படிக்க அதிகம் தெரியாத தாய்மாரும் அவ்வெண்ணைச் சுவரிலே கரிக்கோட்டால் எழுதி வைத்திருக்கக் காணலாம். செவிலியர் வரவில்லையென்றால், 'என் எண்ணில் இந்த மாதம் ஒன்றும் ஏறவில்லையே' என்று கேட்கும் துணிவும் அதனுடன் வந்திருக்கிறது. எண் பெண்ணின் கையில் இருப்பதால் வந்த துணிவு அது.

அடுத்தது, 'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் இதைத் தொடங்கினர். மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுத்த பெண்கள் வீடு வீடாய்ச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையைக் கையிலேயே கொடுக்கிறார்கள். 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் பரிசும் இதற்குக் கிடைத்தது. தகுதியான பரிசென்றே சொல்லுவோம். "ஆயா, கையை நீட்டு" என்று அப்பெண் வாசலில் உட்காரும் அழகே தனி. ஆனால் அளந்த எண்ணை அவர் கைப்பேசியில் ஏற்றிவிட்டு எழுந்து போகிறார். எண் மேலே மேலே போய் எங்கேயோ ஒரு பெருங்கணக்கில் சேருகிறது. ஆயாவிடம் கேட்டால், "கொஞ்சம் இருக்குதாம்" என்கிறாள். கொஞ்சம் என்றால் எவ்வளவு? 140-க்கு 90 என்பது எல்லை. சென்ற மாதம் 170, இந்த மாதம் 152 என்று தெரிந்தால், மாத்திரை வேலை செய்கிறது, நிறுத்தக்கூடாது என்பதை அவளுக்கு யாரும் உபதேசிக்க வேண்டாம். மடி பார்த்து எத்தனை கிலோ மீன் என்று சொல்லுகிறவளுக்கு இரண்டு எண்களை ஒப்பிடத் தெரியாதென்று நினைப்பது படித்தவர்களின் அகந்தை.

இதற்கு அத்தாட்சி வேண்டுவோர் 2020, 2021-ம் வருஷங்களை நினைத்துக்கொள்ளட்டும். கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டும் சிறு கருவி தெருத்தெருவாய் வந்தது. பிராணவாயு 94-க்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரி என்று குழந்தைகள்கூடச் சொல்லின. ஒரே ஓர் எண், தெளிவான ஓர் எல்லை, வீட்டாரே எடுக்கும் முடிவு. அக்கருவியிலும் ஒரு குறை இருந்தது. கறுத்த தோலில் அது சில வேளை உள்ளதைவிட மிகுதியாகக் காட்டும் என்று 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலை டாக்டர்கள் வெளியிட்டனர். வெயிலில் கறுத்த நம்மவர் வாங்கும் கருவி எவருடைய தோலை வைத்துச் சரிபார்க்கப்பட்டது என்று கேட்பது தேசாபிமானம் மட்டுமன்று, விஞ்ஞானமுமாகும்.

தொலை மருத்துவம் நமக்குப் புதிதன்று. 2000 மார்ச்சு 24-ந் தேதியே சித்தூர் மாவட்டத்து அரகொண்டாவில் அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன் ஒன்றைத் திறந்து வைத்தார். ஆயினும் அது ஊருக்கு ஊர் பரவியது சர்க்காரின் 'இ-சஞ்சீவனி' வந்த பிறகே. 2020 மார்ச்சு 25-ல் தொலை மருத்துவத்திற்கு விதிகள் வகுத்தனர். 2023 பிப்ரவரிக்குள் 10 கோடி ஆலோசனைகள் நடந்தேறின. துணை நிலையத்தில் செவிலியர் பக்கத்தில் இருக்க, திரையில் தோன்றும் டாக்டரிடம் பேசலாம். தோல் அரிப்புக்கும், பழைய சர்க்கரைக்கும், மாத்திரை மாற்றத்திற்கும் இது மெத்த உபகாரம். ஒரு நாள் கூலி மிச்சம். நெஞ்சுவலிக்கு மட்டும் திரையைத் தேடலாகாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். இதை ஊரில் அடிக்கடி சொல்லியே ஆக வேண்டும். ஏனெனில் வாட்ஸ்அப்பில் வரும் இஞ்சிச்சாற்று வைத்தியத்திற்கு நெஞ்சுவலியென்றும் வித்தியாசமில்லை, வாயுவென்றும் வித்தியாசமில்லை.

பைக்கு வருவோம். 2021 செப்டம்பர் 27-ந் தேதி தேசம் முழுவதற்குமாகத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிடல் திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க 'ஆபா' எண் உண்டு. சீட்டுகளெல்லாம் ஒரே கிடங்கில் குவிவதில்லை. அந்தந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கும். நோயாளி சம்மதம் கொடுத்தால் ஒரு டாக்டர் மற்றோர் இடத்துச் சீட்டைப் பார்க்கலாம். சேருவது கட்டாயமுமன்று. பொம்மையார்பாளையத்து ஆளுக்கு, தமிழ்நாட்டுச் செவிலியர் எழுதியதைப் புதுச்சேரி டாக்டர் காண வழி பிறந்தால், அந்தப் பழைய எல்லைக் கோடு முதன்முறையாகச் சற்று அழியும். கருத்தளவில் இதில் குற்றம் காண நமக்கு ஒன்றுமில்லை. நடைமுறையிலோ, வரிசையில் நிற்பவரிடம் கைப்பேசியை வாங்கி, வந்த ரகசிய எண்ணைக் கேட்டு, இரண்டு தரம் தட்டிவிட்டு, "ஆச்சு, போங்க" என்று அனுப்புகிற இடங்கள் உண்டு. எதற்குச் சம்மதம் கொடுத்தோம் என்று சம்மதம் கொடுத்தவருக்கே தெரியாது. கைநாட்டு வைத்துக் கடன்பத்திரம் எழுதிய காலம் நினைவுக்கு வருகிறது.

எஸ்தோனியா என்ற சின்னஞ்சிறு தேசத்தில், 2008 முதல் ஜனங்களின் மருத்துவப் பதிவுகள் கணினியில் இருக்கின்றன. அங்கே நோயாளி தம் பதிவைப் பார்ப்பதோடு, அதை யார் யார் திறந்து பார்த்தார்கள் என்பதையும் பார்க்கலாம். பிள்ளை வீட்டார் ஒருவர் ஆஸ்பத்திரியில் உத்தியோகம் பார்த்தாலும், பெண்ணின் சீட்டைத் திருட்டுத்தனமாகப் புரட்ட முடியாது. புரட்டினால் பெயர் அகப்பட்டுவிடும்! கலியாணப் பேச்சு நடக்கிற நம் ஊர்களுக்கு இதைவிட அவசியமான சௌகரியம் வேறுண்டோ?

நிற்க. காகிதச் சீட்டின்மேல் நமக்கிருக்கும் உரிமையையே நம்மில் பலர் அறியோம். இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் வகுத்த நடத்தை விதிகளின்படி, ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவரின் பதிவுகளை மூன்று வருஷம் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் பதிவுகளைக் கொடுக்க வேண்டும். கேட்டால், "எதுக்கு? கேஸ் போடப்போறியா?" என்று முறைக்கிறவர்கள் இல்லாமலில்லை. முறைப்பு விதியை மாற்றாது.

மரக்காணத்து உப்பளத் தொழிலாளரைப்பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. 1930-ல் வேதாரணியத்தில் ஒரு பிடி உப்பு அள்ளியதற்காகத் தேசபக்தர்கள் சிறை சென்றார்கள். அந்த உப்பை இன்றும் வெறுங்காலோடு வாருகிறவர்களைச் சிறையில்லாமலே வெயில் வாட்டுகிறது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா கல்வி நிறுவனத்து ஆராய்ச்சியாளர் தமிழ்நாட்டு உப்பளங்களில் முந்நூற்றுக்கு மேற்பட்ட தொழிலாளரைப் பரிசோதித்தனர். ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வரம்பை மீறிய வெப்பத்தில் உழைக்கின்றனர். சிலருக்குச் சிறுநீரகம் தளர்ந்திருந்தது. ஒதுங்க இடமில்லாமையால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளுகிறார்கள். சிறுநீரகம் சத்தமின்றிக் கெடுவது. வருஷத்திற்கொருமுறை கிரியேட்டினின் என்னும் ரத்தப் பரிசோதனை செய்து, அந்த எண்ணை ஆண்டுவாரியாகத் தொழிலாளியின் கையிலேயே கொடுத்தால், ஏறுகிறதா இல்லையா என்று குடும்பமே பார்த்துக்கொள்ளும். நூறு பெண்களின் எண்கள் ஒன்றாய் ஏறினால், அது வைத்திய விஷயமாக மட்டும் நிற்காது. கூலிப் பேச்சில் மேஜைமேல் வைக்கத்தக்க சாட்சியாகும். ஆனால் எந்தக் கைப்பேசியும் உப்பளத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை போடாது. ஒரு கழிப்பிடம் கட்டாது. நிழலுக்கான பணத்தில் யந்திரம் வாங்குவதை நாம் ஆதரிக்க மாட்டோம்.

கைப்பேசி வீட்டில் யாரிடம் இருக்கிறது என்பதும் ஒரு கேள்வி. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் குறைவானவர்களே இணையத்தை எப்போதேனும் பயன்படுத்தியவர்கள். ஆகையால் தாயின் அறிக்கை மகனுடைய கைப்பேசிக்கு வருகிறது, அதுவும் ஆங்கிலத்தில். பள்ளிக்கூடத்தில் நமது மாணவிகள் சிலர், அம்மாவின் ரத்த அறிக்கையைக் கொண்டுவந்து, "சார், இது நல்லதா கெட்டதா?" என்று கேட்பதுண்டு. 'எச்.பி.ஏ.1சி' என்பது சென்ற இரண்டு மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எண் என்றும், 6.5-ம் அதற்கு மேலும் நீரிழிவின் அடையாளம் என்றும், அநேகருக்கு 7-க்குள் வைத்திருப்பது டாக்டர்களின் நோக்கம் என்றும் ஒரு தரம் சொன்னால் போதும். மறு மாதம் அச்சிறுமி மற்றவர்க்குச் சொல்லுகிறாள். ஆயினும் பதின்மூன்று வயதுப் பெண் தன் தாயின் கர்ப்பப்பை நோயையும் அவ்விதமே படித்துச் சொல்ல நேருவது சரியன்று. அச்சீட்டு தமிழில் வந்து, தாயே படிக்கும்படியாய் இருந்தால், அக்குழந்தை தன் கணக்குப் பாடத்தைப் பார்க்கும்.

கிராம சபைகள் தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய தினங்களில் கூடுகின்றன. சாலைக்கும் குழாய்க்கும் தீர்மானம் போடுகிற அச்சபையில், நம் கடலோரக் கிராமத்தார் இரண்டைச் சேர்த்துக் கேட்கலாம். வீட்டுக்கு வந்து அளக்கிற ஒவ்வோர் எண்ணும் அந்த வீட்டிலேயே ஒரு சிறு ஏட்டில் தமிழில் எழுதப்பட வேண்டும் என்பது ஒன்று. ஆபா எண் கொடுக்கும் இடத்தில், சம்மதம் எதற்கென்று வாய்விட்டுப் படித்துச் சொல்ல ஒருவர் உட்கார வேண்டும் என்பது மற்றொன்று. ஏட்டுக்கு ஆகும் செலவு ஒரு வீட்டுக்குப் பத்து ரூபாய்க்கு மேற்படாது. படித்துச் சொல்ல ஆள் வேண்டுமானால், பத்தாவது தேறி வீட்டிலிருக்கும் பெண்கள் இவ்வூர்களில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.