பேட்டரியைப் பட்டினி போட்டுத் தூங்கவைக்காதீர்கள்!

ஏப்ரல் பிறந்துவிட்டால் போதும், நம் வீடுகளில் பெட்டி கட்டும் படலம் ஆரம்பமாகிவிடும். குழந்தைகளுக்கு லீவு, பாட்டி வீட்டில் ஒரு மாதம். சிலருக்கு மகளின் பிரசவத்துக்காக வெளிநாட்டுப் பயணம். அது ஆறு மாதம். ஃபிரிட்ஜைக் காலி செய்தாயிற்றா, காஸ் சிலிண்டரை மூடியாயிற்றா, துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் சொல்லியாயிற்றா என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற இன்வெர்ட்டர் பேட்டரியை மட்டும் யாரும் நினைப்பதில்லை. "அது ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று நாம் விட்டுவிடுகிறோம். அவர்களோ, "அது பாட்டுக்குக் கிடக்கும்" என்கிறார்கள். அது பாட்டுக்குக் கிடக்காது, சகோதரிகளே!

எங்கள் தெருவில் ஒரு அம்மா, மகள் பிரசவத்துக்குப் போய் ஆறு மாதம் கழித்து மே மாதத்தில் திரும்பினார். மகளும் கைக்குழந்தையும் கூடவே வந்திருந்தார்கள். வந்த அன்று ராத்திரியே கரண்ட் போயிற்று. இன்வெர்ட்டர் 'கீ' என்று ஒரு சத்தம் போட்டு ஓய்ந்துவிட்டது. பச்சைக் குழந்தை புழுக்கத்தில் வீல் வீலென்று அழ, பாட்டியும் அம்மாவும் விடிய விடிய மாறி மாறி விசிறினார்கள். காலையில் வந்த கடைக்காரர் பார்த்துவிட்டு, "இனிமே இதுல சார்ஜ் ஏறாதும்மா" என்று கையை விரித்தார். வாங்கி இரண்டே வருஷமான பேட்டரி. பல ஆயிரம் ரூபாய் வீண்!

"ஊருக்குப் போறப்போ ஞாபகமா மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தானே போனேன்!" என்று அந்த அம்மாவுக்கு ஒரே ஆதங்கம். விஷயம் அங்கேதான் இருக்கிறது. மெயினை அணைத்ததும், 'சரி, கரண்ட் போய்விட்டது' என்று இன்வெர்ட்டர் நினைத்துக்கொள்கிறது. உடனே பேட்டரியிலிருந்து கரண்டை எடுத்து, மறந்துபோய் விட்ட ராத்திரி விளக்குக்கோ, டி.வி. பெட்டிக்கோ கொடுக்க ஆரம்பிக்கிறது. எதுவும் எரியாவிட்டாலும், தான் விழித்திருப்பதற்கே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறது. சில நாளில் பேட்டரி வெறும் வயிறு. அதே பட்டினியோடு மாதக்கணக்கில் கிடந்தால் என்னாகும்?

இந்த வகைப் பேட்டரியை 1859-ல் கண்டுபிடித்தவர் காஸ்டன் பிளாண்டே என்ற பிரெஞ்சுக்காரர். உள்ளே இருப்பது ஈயத் தகடுகளும் கந்தக அமிலம் கலந்த தண்ணீரும்தான். இன்றைக்கும் அடிப்படை அதேதான். கரண்டை எடுக்க எடுக்க, தகட்டின் மேல் வெள்ளையாக ஒரு உப்பு படிகிறது. சார்ஜ் செய்தால் அது கரைந்துவிடும். ஆனால் நாள் கணக்கில் அப்படியே விட்டால் இறுகிப்போகும். போர் தண்ணீர் பிடிக்கிற பாத்திரத்தை நினைத்துப் பாருங்கள். அன்றன்றைக்குத் தேய்த்தால் உப்புக்கறை போய்விடுகிறது. ஒரு மாதம் விட்டால் புளி போட்டாலும் போவதில்லை. பேட்டரி சாவதும் இப்படித்தான்.

இன்னொன்று. ஒயரைக் கழற்றி வைத்தாலும் பேட்டரி தானாகவே மாதத்துக்குச் சில சதவீதம் சார்ஜ் இழக்கும். சூடு பத்து டிகிரி ஏறினால் இந்த இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம்!

கனடா போன்ற நாடுகளில் 'மோட்டார் ஹோம்' என்று, அடுப்பும் படுக்கையும் உள்ள வண்டிகளைப் பனிக்காலம் முழுவதும் நிறுத்தி வைக்கிறார்கள். அங்கே குளிரில் சார்ஜ் மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் காலியாகிவிட்ட பேட்டரி, பூஜ்யத்துக்குப் பத்து டிகிரி கீழே போவதற்குள்ளாகவே உறைந்து, பெட்டியே வெடித்துவிடலாம். நிறைந்த பேட்டரி ஐம்பது டிகிரி கீழே போனாலும் உறையாது. அங்கே குளிர், இங்கே வெயில். ஆனால் விதி ஒன்றுதான்: நிறைந்த வயிற்றோடு தூங்கவையுங்கள்!

சரி, ஊருக்குப் போகுமுன் என்ன செய்ய வேண்டும்?

ஒரு வாரம் முன்னால் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். மிதவைக் குச்சியில் இருக்கும் கீழ்க் குறிக்கும் மேல் குறிக்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். கொதிக்கவைத்து ஆறின தண்ணீரிலும், ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு இருக்கிறது, அவை வேண்டாம். ஆசிட் ஊற்றவே கூடாது. மேல் குறியைத் தாண்டியும் ஊற்றாதீர்கள், சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும்.

கிளம்புவதற்கு முதல் நாள் முழுக்க சார்ஜ் ஏறட்டும். நிறைந்துவிட்டது என்று இன்வெர்ட்டர் காட்டியபின், முதலில் இன்வெர்ட்டரை அணையுங்கள். பிறகு மெயினை அணையுங்கள். அதன்பின் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, ஒரு துணியைச் சுற்றி ஓரமாக வையுங்கள். திரும்பி வந்து மாட்டும்போது மைனஸைக் கடைசியில் மாட்ட வேண்டும். பிளஸ் ஒயரில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வைத்தால் குழப்பமே வராது. மாற்றி மாட்டினால் இன்வெர்ட்டரே புகைந்துவிடும். பழக்கமில்லாதவர்கள் எலெக்ட்ரீஷியனை வைத்துச் செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒயர் மாட்டும் முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா? வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். சோடாத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட பேட்டரிக்குள் போகக் கூடாது. மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். நன்றாகத் துடைத்துக் காயவைத்து, வாசலின் தடவுங்கள்.

பத்து, இருபது நாள் பயணத்துக்கு இவ்வளவே போதும். ஆறு மாதம் என்றால், சாவி கொடுத்திருக்கும் நம்பிக்கையான உறவினரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எலெக்ட்ரீஷியனை வரவழைத்து, ஒரு நாள் சார்ஜ் போட்டு மறுபடி கழற்றி வைக்கட்டும். வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. 12 வோல்ட் பேட்டரி முழுதாக நிறைந்து, சில மணி நேரம் ஓய்ந்தபின் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.4-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போட வேண்டிய நேரம். 12 காட்டினால் பட்டினி என்று அர்த்தம்.

ஷெட்டில் நிற்கும் காருக்கும் இதே விதிதான். ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைத்தால் போதுமான சார்ஜ் ஏறாது. மூடி திறக்க முடியாத சீல் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. சார்ஜ் மட்டும் வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு விதிகளே வேறு. அதன் கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள்.

சிமெண்டுத் தரையில் வைத்தால் தரை சார்ஜை உறிஞ்சிவிடும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

குழந்தைகள் உள்ள வீட்டில் சில விஷயங்களைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அது தீப்பற்றக்கூடியது. ஆகவே பூஜை அறையிலோ, காற்றோட்டமில்லாத அலமாரியிலோ வைக்காதீர்கள். பக்கத்தில் ஊதுவத்தி, விளக்கு எதுவும் கூடாது. பேட்டரியைத் தொடுமுன் வளையல், மோதிரம், தாலிச் சங்கிலி இவற்றைக் கழற்றியோ ஒதுக்கியோ வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டால் உலோகம் நொடியில் பழுத்துக் கையைச் சுட்டுவிடும்.

ஆசிட் தோலில் பட்டாலோ கண்ணில் தெறித்தாலோ எந்தக் கைவைத்தியமும் வேண்டாம். குழாயடியில் குறைந்தது பதினைந்து நிமிஷம் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண் என்றால் அதன்பின் தாமதிக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். பேட்டரி வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அதனால்தான் பழைய பேட்டரியை, தெருவோரம் உடைத்து ஈயம் எடுக்கிறவரிடம் போடாதீர்கள். நாலு காசு கூடக் கிடைக்கலாம். ஆனால் அந்தத் தூசி யார் வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள்ளோ போகிறது. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். 2022-ஆம் வருஷத்து மத்திய அரசு விதிகளின்படி, பழையவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு.

இந்தக் கோடையில் பெட்டி கட்டும்போது உங்கள் பட்டியலில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: 'பேட்டரி: தண்ணீர், சார்ஜ், மைனஸ் ஒயர்.' அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்துவிட்டால், வீட்டில் யார் கடைசியாகக் கிளம்பினாலும் வேலை நடந்துவிடும்!