வயிரத்திற்கு மதிப்பு எடையோ, ஒளியோ?

வயிரம் வாங்கப் புகுவோர் முதற்கண் வினவுவது, 'எத்தனை காரட்?' என்பதே. அதன்பின் நிறத்தையும் மாசின்மையையும் வினவுவர். பட்டைகள் எக்கோணத்தில் அமைந்துள்ளன என்று வினவுவார் மிகச் சிலரே. ஒளியின் பொருட்டே விரும்பப்படும் ஒரு கல்லை, அவ்வொளிக்குக் காரணமாகிய அமைப்பினை நோக்காது, நிறைகோல் ஒன்றினாலேயே மதித்தல் தகுமோ? தகாது என்பதே எமது கருத்து. அதற்குரிய காரணங்களை ஈண்டுக் கூறுவாம்.

வயிரம் தானே ஒளி உமிழ்வதன்று. புறத்திருந்து வரும் ஒளியை ஏற்று, அதனைக் காண்போர் கண்ணுக்கு மீட்டுத் தருவதே அதன் தொழில். அங்ஙனம் மீளும் வெள்ளொளியின் மிகுதியைச் 'சுடர்' என்றும், அவ்வொளி பல நிறங்களாகப் பிரிந்து பொறிபோலத் தெறித்தலைத் 'தழல்' என்றும் இக்கட்டுரையில் வழங்குவாம். இவ்விரண்டும் கல்லின் இயல்பும் கம்மியனின் அளவும் கூடியவிடத்தே பிறப்பனவாம்.

முதலில் இயல்பினை நோக்குவாம். ஒளிவிலகல் எண் நீருக்கு 1.33, கண்ணாடிக்கு ஏறத்தாழ 1.5, வயிரத்திற்கோ 2.417. ஆதலின், வயிரத்தினுட் புகுந்த கதிர், ஒரு பட்டையின் செங்குத்துக் கோட்டிற்கு 24.4 பாகைக்கு மேற்பட்ட சாய்வில் அப்பட்டையைத் தாக்குமாயின், வெளியேற மாட்டாது முழுவதும் உள்ளே திரும்பும். கண்ணாடிக்கு இவ்வெல்லை ஏறத்தாழ 42 பாகையாகும். சிவப்பொளியினும் ஊதாவொளி வயிரத்தில் மிகுதியாக வளைதலின் தழல் தோன்றுகின்றது.

இனி அளவினை நோக்குவாம். வட்டப் பட்டை வெட்டில் அடிமுனையிலுள்ள சிறு பட்டையை நீக்கி 57 பட்டைகள் உள. இடைவிளிம்பிற்கு மேற்பட்டது முடி, கீழ்ப்பட்டது அடி, முடியின் நடுவே கிடையாக அமைந்த பெரும் பட்டை தட்டு. அடியின் பட்டைகள் 40.75 பாகை சாய்ந்திருப்பின், தட்டின் வழியே நேரே கீழிறங்கும் கதிர் முதற் பட்டையை 40.75 பாகையிலும், எதிர்ப்பட்டையை 57.75 பாகையிலும் தாக்கி, இரண்டிடத்தும் முழுவதும் திரும்பி, மேலெழுந்து வெளிப்படும். அடியை ஆழமாக்கிச் சாய்வை 55 பாகையாக்கினாலோ, எதிர்ப்பட்டையை அக்கதிர் 15 பாகையிலேயே தாக்கிப் புறத்தே ஒழுகிவிடும். கல்லின் நடுவிடம் ஆணித்தலைபோல் இருளும். அடி மிகத் தட்டையாயின், இடைவிளிம்பின் சாயல் தட்டினுள்ளே வளையமாகத் தோன்ற, கல் மீன்கண்போல் ஒளிமழுங்கும்.

'நல்ல வெட்டே போதுமெனின், கண்ணாடியும் வயிரமாகுமோ?' என்று வினவலாம். ஆகாது. அதே 40.75 பாகைப் பட்டை கண்ணாடியில் அமையின், கண்ணாடியின் எல்லை 42 பாகையாதலின், கதிர் முதற் பட்டையிலேயே பெரிதும் வெளியேறிவிடும். ஆகவே அளவு என்பது புறத்திருந்து கல்லின்மேற் சுமத்தப்படுவதன்று; அக்கல்லின் இயல்பை அறிந்து, அதனினின்றே பெறப்படுவது.

இவ்வுண்மையைக் கணக்கினால் நிறுவியவர் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பார். பெல்ஜிய நாட்டு வயிரத்தொழிற் குடும்பத்திற் பிறந்த இவர், 1919-ஆம் ஆண்டு லண்டனில் வெளியிட்ட நூலில், அடிச்சாய்வு 40.75 பாகை, முடிச்சாய்வு 34.5 பாகை, தட்டின் அகலம் கல்லின் குறுக்களவில் நூற்றுக்கு 53 என்று வரையறுத்தார். அவர் நாடியது சுடர் ஒன்றனையன்று; சுடரும் தழலும் ஒன்றையொன்று கெடாது நிற்கும் சமநிலையையே நாடினார். தட்டு அகன்றால் முடியின் சாய்ந்த பட்டைகள் குறுகித் தழல் குன்றும். விளக்கொளிக் காலத்துப் பழைய வெட்டுகளில் தட்டுச் சிறுத்து முடி உயர்ந்திருந்தமையின், தழல் மிக்கிருந்தது.

இத்துணையும் அறிந்த பின்னரும் ஒளி குன்றிய கற்கள் விற்பனைக்கு வருதல் ஏன்? எடையின்மேற் கொண்ட ஆசையே காரணம். உரிய சாய்வை நாடினால் கல்லிற் பெரும்பகுதி தூளாகப் போம். அதற்கு அஞ்சி அடியை ஆழ்த்தியும், இடைவிளிம்பைத் தடிக்கவிட்டும் நிறையைக் காப்பர். நல்லளவாக வெட்டிய ஒரு காரட் வட்டக் கல்லின் குறுக்களவு ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர், அதே எடையுள்ள ஆழ்ந்த கல் அதனினும் சிறிதாகவே தோன்றும். எடைக்கு விலை கொடுத்தவர் ஒளியையும் இழந்தார், தோற்றத்தையும் இழந்தார்.

இவ்வாசை புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டிற் கோல்கொண்டாச் சுரங்கங்களைக் கண்ட பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, மாசற்ற கல்லாயின் எடை குறையாதிருக்க மேலோட்டமாகவே சாணை பிடிப்பர் என்றும், மாசுள்ளதாயின் அதனை மறைக்கப் பல பட்டை இடுவர் என்றும் எழுதியுள்ளார். நம் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையும் வயிரத்தின் குற்றங்களாகக் காகபாதம் முதலியவற்றை எண்ணுகின்றது. பட்டையின் சாய்வைப் பற்றி ஆண்டுப் பேச்சில்லை.

கோகினூரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1849-இல் பஞ்சாபின் இளஞ்சிறார் மன்னரிடமிருந்து அது பெறப்பட்ட முறை நேரியதன்று என்பதே எமது துணிபு. ஆயினும் அது வேறு வழக்கு. 1851-ஆம் ஆண்டு லண்டன் மாநகர்க் கண்காட்சியில் அதனைக் காணத் திரண்டோர், ஒளி காணாது ஏமாந்து திரும்பினர். மறு ஆண்டே அது மீண்டும் வெட்டப்பட்டது. 186 காரட் என மதிக்கப்பட்ட அக்கல் இன்று 105.6 காரட்டே. ஐந்தில் இரண்டு பங்கிற்கு மேல் போயிற்று! தொன்மைச் சின்னத்தின் வடிவு சிதைந்ததே என்று வருந்துவாரை யாம் பழியோம். எனினும், எடை மட்டும் கண்ணை நிறைக்காது என்பதை அம்மக்களின் ஏமாற்றம் தெளிவாக்கிற்று.

ஒரே அளவுதான் சிறந்தது என்று யாம் பிடிவாதம் கொள்ளவும் இல்லை. 2006 முதல் அமெரிக்க மணியியற் கழகம் வட்ட வெட்டிற்குத் தரம் வகுத்து வருகின்றது. முடியும் அடியும் ஒன்றற்கொன்று இயைந்திருப்பின், வேறுபட்ட அளவுகளும் அங்கு முதல் தரம் பெறுகின்றன. தனித்தனி அளவினும் அவற்றின் இயைபே முதன்மையானது. ஆதலின், வாங்குவோர் கடையின் கூரிய விளக்கொளியில் தழலை மட்டும் கண்டு மயங்காது, சாளரத்தருகே பரவிய பகலொளியிற் சுடரையும் கண்டு தேர்தல் வேண்டும். எடைச்சீட்டோடு அளவுச்சீட்டையும் கேட்டல் வேண்டும்.

கல்லூரியில் பயிலும் எமக்கும் இது ஒருவாறு பொருந்துவதே. பெற்ற பொருளில் ஒரு துகளையும் இழக்க மனமின்றி ஆழ்ந்து தடித்த கல், தன்மேல் விழுந்த ஒளியையெல்லாம் ஒழுகவிட்டு இருண்டு கிடக்கின்றது. சாணைக்கு இசைந்து சிறுத்த கல்லோ, ஆண்டவன் அருளிய ஒளியைப் பிறர் கண்ணுக்கு மீட்டளிக்கின்றது. இவ்விரண்டனுள் எதனை விரும்புவது என்பதை நண்பர்கள் தாமே தெளிவார்களாக.