மச்சம் புழங்காத அடுக்களை

மீனும் இறாலும் நண்டும் அன்றாட ஆகாரமாயிருக்கும் மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களிலே, மரக்கறி உணவுக்கு மாறுங்கள் என்று சொல்வது அநேகருக்கு அந்நியமான உபதேசமாகத் தோன்றலாம். ஆயினும், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடைபெறும் நாட்களில் மச்சத்தை அடுக்களைக்குள் அனுமதியாத குடும்பங்களும், வெள்ளிக்கிழமைதோறும் சைவம் காக்கும் இல்லங்களும் நிறைந்த இந்தப் பிரதேசத்துக்கு அப்பழக்கம் புதியதன்று.

அச்சில நாள் விரதத்தை நித்திய வழக்கமாக்க விரும்புவோருக்கு முதலில் துணை நிற்பது, கடைதோறும் கிடைக்கும் சோயா மீற். எண்ணெய் நீக்கிய சோயா மாவிலிருந்து செய்யப்படும் அதில், உலர்ந்த நிலையில் ஏறக்குறைய பாதி புரதமே. அதைக் கொதிநீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நன்றாகப் பிழிந்து பச்சை வாடையைப் போக்கி, பெருஞ்சீரகமும் கறுவாவும் சேர்ந்த வறுத்த தூளில் பிரட்டி, தேங்காய்ப்பாலில் வற்றவைத்தால், இறைச்சிக்கறியின் ருசியை நாடும் நாவும் திருப்தியடையும்.

எனினும், பக்கற்றில் வரும் பண்டத்தையும் அதனோடு வரும் உப்பு மிகுந்த சுவைத்தூளையுமே நம்பியிருப்பது உசிதமன்று. பிஞ்சுப் பலாக்காயும் கௌபியும் பயறும் முருங்கையிலையும் நம் வளவிலும் சந்தையிலும் உள்ளவை. தாவர உணவில் கிடைக்காத பி12 உயிர்ச்சத்தை நம்மூர் எருமைத்தயிர் ஓரளவேனும் ஈடுசெய்யும்.

இந்த மாற்றத்தை விரும்பும் ஆடவர், தேங்காய் துருவவும் பலாக்காய் அரியவும் தாமே முன்வரவேண்டும். சமையலின் சிரமம் முழுவதையும் தாய்மார் தலையில் சுமத்திவிட்டுப் பேசும் ஜீவகாருண்யம் பூரணமாகாது.