தும்பை அவிழ்க்கவும் ஒரு திட்டம் வேண்டும்

ஆவணி பிறந்துவிட்டது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலைகளில் தீபாவளிக்கான அவசர வேலை ஏறிக்கொண்டிருக்கும் நேரம் இது. தீபாவளியை ஒட்டியே ஐப்பசி மழையும் வந்துவிடும். நெருப்பும் தண்ணீரும் அடுத்தடுத்து நம் வாசலுக்கு வரக்கூடிய மூன்று மாதங்கள் இனிமேல்தான். இந்த நேரத்தில் ஒவ்வொரு இயற்கை உழவரும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நீங்கள் ஊரில் இல்லாதபோது பக்கத்தில் ஆலை வெடித்தால், அல்லது ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடைத் தண்ணீர் தொழுவத்துக்குள் ஏறினால், உங்கள் மாட்டின் தும்பை யார் அவிழ்ப்பார்கள்?

"யாராவது அவிழ்த்து விட்ருவாங்க" என்பதுதான் பெரும்பாலும் வருகிற பதில். அந்த 'யாராவது' யார் என்று பேர் எழுதி வைக்க வேண்டும், அதுவும் மழைக்கு முன்னால் எழுதி வைக்க வேண்டும் என்பதே நான் இங்கே சொல்ல வருவது.

பட்டாசுப் பகுதியின் நிலைமையை முதலில் பார்ப்போம். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவிக்கு ஓடிய, என்னவென்று பார்க்க ஓடிய அக்கம்பக்கத்து ஜனங்கள். அடுத்தடுத்த வெடிப்பில் அவர்களும் சிக்கினார்கள். 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் போனார்கள். 2024 பிப்ரவரி 17-இல் ராமுதேவன்பட்டியில் 10 பேர். ஒவ்வொரு முறையும் இறந்தவர் பட்டியல் வருகிறது, நிவாரணம் அறிவிக்கப்படுகிறது, அடுத்த விபத்து வரை பேச்சு அடங்கிவிடுகிறது.

இந்த ஆலைகளைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் மானாவாரிக் கரிசல் நிலம். ஆலை வேலைக்குப் போகிற குடும்பங்களிலேயே ரெண்டு மாடு, பத்து ஆடு நிற்கிறது. விடியற்காலையில் வேலைக்கு வண்டி ஏறினால் சாயங்காலம்தான் திரும்புகிறார்கள். பகல் முழுக்க வீட்டில் வயசானவர்களும் பிள்ளைகளும்தான். மாடு கட்டுத்தறியில். நாய் சங்கிலியில். வெயில் காய்ந்த நேரத்தில் ஒரு பொறி பறந்து நாத்துப் படப்பில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சத்தத்தில் மிரண்ட மாட்டின் பக்கத்தில் எழுபது வயசுக் கிழவி போய் முடிச்சைத் தேட முடியுமா?

ஆனால் அந்தக் கிழவி போவார். அதுதான் பயமே. மாடு கத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டு எந்தக் கிராமத்து மனுஷனும் மனுஷியும் சும்மா நிற்க மாட்டார்கள். ஆகவே, மாட்டுக்குத் திட்டம் போடுவது மாட்டுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். திட்டம் இல்லாத வீட்டில், ஆபத்துக்குள் திரும்பி ஓடுகிற ஆள் ஒருவர் நிச்சயம் இருப்பார்.

இதை உலகமே அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டது. 2005-இல் அமெரிக்காவில் கத்ரினா புயல் வந்தபோது, மீட்புப் படகுகளில் நாய், பூனையை ஏற்ற மாட்டோம் என்றதால் வீட்டை விட்டு வரவே மறுத்தவர்கள் பலர். அதற்குப் பிறகுதான், 2006-இல், பேரிடர்த் திட்டங்களில் வளர்ப்பு விலங்குகளையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் போட்டார்கள். வங்கதேசத்தில் 1970-ஆம் ஆண்டுப் பெரும்புயலுக்குப் பிறகு கடலோரத்தில் 'கில்லா' என்று மண்மேடுகள் எழுப்பினார்கள். வெள்ளம் வந்தால் ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துவதற்கான மேடு. கோடி ரூபாய்த் தொழில்நுட்பம் எதுவும் அதில் கிடையாது. எங்கே ஓட்டுவது என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்தார்கள், அவ்வளவுதான்.

"நம்ம வறண்ட மாவட்டம், இங்க எங்க வெள்ளம் வரப்போகுது?" என்று கேட்பீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பாருங்கள். நமக்குத் தெற்கே காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. விருதுநகர் மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்கிற அளவுக்குக் குறையாத மழை ஒரே நாளில் கொட்டியது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் ஆடு மாடுகள் ஏராளமாகச் செத்தன. தூத்துக்குடியும் நம்மைப் போல வானம் பார்த்த பூமி அதிகம் உள்ள மாவட்டம்தான். வறண்ட ஊரில்தான் ஓடைக்குள் தொழுவம் போட்டிருப்போம், கண்மாய் உள்வாயில் பட்டி அடைத்திருப்போம். இருபது வருஷம் தண்ணீர் வராத இடத்தில் ஒரு ராத்திரி வரும். மாடு நீந்தக்கூடிய பிராணி. கட்டிப்போட்ட மாட்டால் நீந்த முடியாது.

இனி பணத்துக்கு வருவோம். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பேரிடர் என்பதற்குத் தரும் விளக்கத்தில் உயிரிழப்பு, மனிதத் துன்பம், சொத்துச் சேதம், சுற்றுச்சூழல் சேதம் என்று சொல்கிறது. மாடு தனியாக வராது. அது சொத்துக் கணக்கில் சேரும். 2023 டிசம்பரில் தமிழக அரசு அறிவித்த நிவாரணப்படி மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய். முன்பு 30,000, 3,000 என்று இருந்ததை உயர்த்திக் கொடுத்தார்கள். வரவேற்க வேண்டியதுதான்.

ஆனால் வங்கியில் பல வருஷம் மாட்டுக்கடன் கோப்புகளைப் பார்த்தவன் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன். காப்பீட்டில் பழைய விதி ஒன்று உண்டு: காதில் வில்லை இல்லை என்றால் இழப்பீடு இல்லை. செத்த மாட்டின் காது வில்லை, கால்நடை மருத்துவரின் சான்று, பிரேதப் பரிசோதனை அறிக்கை, போட்டோ எல்லாம் சேர்ந்தால்தான் கோப்பு நகரும். வெள்ளத்தில் மாடே அடித்துக்கொண்டு போய்விட்டால் எதைக் காட்டுவது? தீயில் கருகிய காதில் எந்த எண்ணைப் படிப்பது? அதனால் வில்லை எண்ணையும், மாட்டின் முழு உருவம் தெரிகிற போட்டோவையும் இன்றைக்கே எடுத்து, சொந்தக்காரர் ஒருவர் செல்போனுக்கும் அனுப்பி வையுங்கள். 2024 பிப்ரவரியில் தேசிய கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் உழவர் கட்ட வேண்டிய பங்கை 15 விழுக்காடாகக் குறைத்திருக்கிறார்கள். விவரத்தைக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

இதெல்லாம் கிடைத்தாலும் நமக்குக் கணக்கு நேராகாது. காப்பீட்டில் மாட்டின் மதிப்பு பெரும்பாலும் பாலை வைத்துத்தான். கறவை வற்றிய நாட்டுப்பசுவுக்குச் சந்தையில் என்ன விலை? நம் தோட்டத்தில் அதன் விலை வேறு. ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் கலக்க 10 கிலோ சாணமும், 5 முதல் 10 லிட்டர் கோமியமும் வேண்டும். அந்தப் பசு போனால் பால் மட்டும் நிற்பதில்லை, மண்ணுக்குப் போகிற ஊட்டமும் நின்றுவிடும். அடுத்த பருவத்தில் மூட்டை உரத்தைத் தேடி ஓட வேண்டிய நிலைமை வரும். பல வருஷமாகச் சேர்த்த மண் வளம் ஒரு ராத்திரியில் கைவிட்டுப் போகிற பேச்சு இது. நிவாரணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை மட்டும் நம்பி இருப்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை.

என்ன செய்யலாம்? செலவு குறைந்ததிலிருந்து சொல்கிறேன்.

முதலில் கயிறு. ஒரு இழுப்பில் அவிழ்கிற முடிச்சாகப் போடப் பழகுங்கள். நைலான் கயிறு நனைந்து இறுகினால் கையால் அவிழ்க்க வராது. தொழுவத்துக்கு வெளியே, கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு அரிவாள் தொங்கட்டும். நாய்ச் சங்கிலிக்குப் பூட்டு வேண்டாம். ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய் வளர்ப்பவர்கள் கூண்டுச் சாவியைப் பக்கத்து வீட்டிலும் ஒன்று கொடுத்து வையுங்கள். மிரண்ட மாடு பழகிய தொழுவத்துக்கே திரும்பி ஓடப் பார்க்கும். வெளியே ஓட்டியதும் படலைச் சாத்திவிட வேண்டும்.

அடுத்து ஆள். நாலைந்து வீட்டுக்கு ஒரு ஜோடி. பகலில் ஊரில் இருக்கிறவர்களாக இருக்க வேண்டும். ஆலை வெடித்தால் ஆலைப் பக்கம் யாரும் போகக் கூடாது, காற்று வீசுகிற திசைக்குக் குறுக்கே விலகித்தான் மந்தையை ஓட்ட வேண்டும் என்பதை அவர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும். தீ எட்டிவிட்ட தொழுவத்துக்குள் யாரும் நுழையக் கூடாது. இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

மூன்றாவது இடம். ஊரில் எது மேடு என்று பெரியவர்களுக்குத் தெரியும். கோயில் திடலா, பள்ளிக்கூட மைதானமா, களமா? கண்மாய்க் கரையை நம்ப வேண்டாம், உடைந்தால் அதுதான் முதலில் போகும். கிடை போட வந்திருக்கிற கீதாரிகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். வெளியூர்க்காரருக்கு நம் ஓடையும் தெரியாது, எந்த ஆலை எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. அவர் ஆட்டுச் சாணத்தை நம் நிலம் வாங்கிக்கொள்கிறது. மேடு எங்கே இருக்கிறது என்று காட்டுவதும், அவர் போன் நம்பரை வாங்கி வைப்பதும் நம் கடமை.

நாலாவது தீவனமும் தண்ணீரும். ரெண்டு மாடு, பத்து ஆடு உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 150 லிட்டர் தண்ணீர், 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே உலர்தீவனம் வேண்டும். மூன்று நாளைக்கு 450 லிட்டர், 65 கிலோ. இவ்வளவையாவது மேட்டில், தொழுவத்தை விட்டுத் தள்ளி வையுங்கள். படப்பைத் தொழுவத்தோடு ஒட்டிப் போடவே கூடாது.

ஐந்தாவது நோய். மழை பெய்து இளம்புல் தழைக்கும்போது ஆடுகளுக்குத் துள்ளுமாரி வரும். மாடுகளுக்குத் தொண்டை அடைப்பான், சப்பை நோய். தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு செத்ததை ஓடையில் தள்ளாமல், ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

பட்டாசுப் பகுதிக்கென்று தனியாக ஒன்று. ஆலைக் கழிவு கொட்டிய, எரித்த இடத்தில் மேய்க்காதீர்கள். பட்டாசு மருந்தில் சேரும் பொட்டாசியம் நைட்ரேட் ஓர் உப்பு. உப்புக்கு ஏங்கும் மாடு அதை நக்கிவிட்டால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், மூச்சுத் திணறிச் சாகும்.

"இதெல்லாம் ஆலைக்காரனும் அரசாங்கமும் செய்ய வேண்டியது, நாம ஏன் செய்யணும்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆலை விபத்தில் கால்நடை இழந்தவருக்கு யார், எவ்வளவு தர வேண்டும் என்பது தெளிவாக எழுதப்பட்டு ஊராட்சிப் பலகையில் இருக்க வேண்டும் என்று நம் இயக்கம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு முடிச்சை அவிழ்க்க ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஆள் வர முடியாது. ஊர் நினைத்தால் முடியும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி ஜனங்கள், பறவைகள் மிரளக் கூடாது என்று பல தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எந்தச் சட்டமும் போட்டு அது வரவில்லை.

அக்டோபர் 2 கிராம சபை வருகிறது. அதற்குள் நம் இயக்கத்தின் ஒவ்வொரு ஊர்க்குழுவும் ஒரு தாள் எழுத வேண்டும் என்பது என் கோரிக்கை. எந்த வீட்டில் எத்தனை உயிர், வில்லை எண் என்ன, அவிழ்க்கும் ஜோடி யார், ஓட்டிப் போகும் மேடு எது, தீயணைப்புக்கு 101, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, கால்நடை அவசர ஊர்திக்கு 1962. அதைக் கிராம சபையில் வாசித்துத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மந்தையை உண்மையிலேயே அந்த மேட்டுக்கு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எந்த முடிச்சு அவிழவில்லை, எந்தச் சந்தில் மாடு நுழைய மறுத்தது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். தாளில் அதையும் திருத்தி எழுதிக்கொள்ளலாம்.